கண் சிமிட்டாத டப்பா

துப்பறிகிறவளுக்கு முதல் தேவை கம்பீரம் என்று டிகிரி உறுதியாக நம்பினாள். அந்தக் கம்பீரம் அன்று தொழிற்சாலை வாசலைக்கூடத் தாண்டவில்லை. காவலாளியிடம் பார்வையாளர் அட்டை இரண்டுதான் மிச்சம் இருந்தன. ஒன்றில் 'ஏசி பழுது' என்று இருந்தது, மற்றதில் 'தண்ணீர் கேன்'. ஏசி பழுதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டிகிரி உள்ளே நடந்தாள். தண்ணீர் கேன் பின்னாலேயே வந்தது.

"வேணும்னா ஒரு கேனைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கவா? ஆள் கச்சிதமா இருப்பேன்."

இப்படிக் கேட்டது அண்ணி. டிகிரியின் அண்ணன் மனைவி, துப்பறியும் அலுவலகத்தின் ஒரே உதவியாளர். முன்பு ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தவள். ஸ்டுடியோவை மூடிய மறுநாள், "சும்மா வீட்ல உக்காந்து உங்க அண்ணன் முகத்தைப் பார்க்கறதுக்கு, உன்னோட வந்து திருடன் முகத்தைப் பார்க்கறேன்" என்று வந்து சேர்ந்தாள்.

டிகிரிக்கு அந்தப் பெயர் வந்த கதை சுருக்கமானது. குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான், அதுவும் எலெக்ட்ரானிக்ஸில். வாங்கிய நாளிலிருந்து வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டிகிரி, மோட்டாரை நிறுத்து", "டிகிரி, பால் பொங்குது பாரு." பட்டம் வாங்கியும் எவனும் வேலை கொடுக்கவில்லை என்ற ஆத்திரத்தில் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட வேலைதான் இந்தத் துப்பறிதல். இதுவரை பதினொரு வழக்குகள். அவற்றில் ஒன்பது, காணாமல் போன பொருளைப் பற்றியவை. ஒன்பதும் பொருளைத் தொலைத்தவர் வீட்டுக்குள்ளேயே கிடைத்தன. அதில் ஆறை எடுத்துக் கொடுத்தது அண்ணி.

பன்னிரண்டாவது வழக்கு நேற்று மாலை தானாகவே படியேறி வந்தது. வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். இந்தத் தொழிற்சாலையில் மின்சுற்றுப் போர்டுகளைச் சோதித்து முத்திரை வைக்கிறவள். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் கறார். எதிர் பஸ் நிறுத்தத்திலிருந்து பெயர்ப்பலகையைப் பார்த்து வந்ததாகச் சொன்னாள். அலுவலகத்தை விடப் பெயர்ப்பலகை பெரிதாக இருப்பதில் இப்படி ஒரு நன்மை.

"நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டா ஏத்தற பம்ப். அதோட போர்டை நான் டெஸ்ட் பண்றேன். ஒரு துடிப்புக்கு மோட்டார் ஒரு எட்டு நகரும், ஒரு சொட்டு இறங்கும். இந்த லாட்டுல நடுநடுவுல ஒரு திருட்டுத் துடிப்பு வருது. என் கண்ணால பார்த்தேன். முன்னூறு போர்டையும் நிறுத்திட்டேன்."

"அப்புறம்?"

"மேனேஜர், துடிப்பைத் திரையில கோடாக் காட்டற புது ஸ்கோப்ல பார்த்தார். ஒண்ணும் இல்ல. சூப்பர்வைசர் வேலை எனக்குக் கிடைக்காத கோபத்துல பொய் சொல்றேனாம். நாளைக்கு நாலு மணிக்கு லாரி கிளம்பும். அதுக்குள்ள, 'பொய்ப் புகார் எழுதினேன்'னு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போகணும். போடலேன்னா அவங்களே வீட்டுக்கு அனுப்புவாங்க. ரெண்டு வழியும் என் வீட்டுக்குத்தான் போகுது."

அப்போது டிகிரி ஒரு வார்த்தை சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"கவலையே படாதீங்க. மூணு வருஷம் முன்னாடி அந்த லேப்ல ஆறு மாசம் அப்ரண்டிஸா இருந்தவ நான். அங்க இருக்கற ஒவ்வொரு ஸ்க்ரூவும் எனக்குத் தெரியும்."

கறார் அங்கே சேர்ந்து இரண்டரை வருடம்தான் ஆகிறது. அதனால் நம்பினாள்.

*

மேனேஜர் சோதனைக்கூட வாசலிலேயே நின்றிருந்தார். டிகிரியின் முகத்தைப் பார்த்தார், கழுத்து அட்டையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தால் என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே டிகிரி ஒரு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தாள்.

"ஏசி அந்தப் பக்கம்," என்றார் மேனேஜர்.

ஆறு மாதம் தினமும் வணக்கம் வைத்த முகம். தெரியாமல் போனதில் நிம்மதிப்படுவதா, நாலு வார்த்தை கேட்டுவிடுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தான் கறார் அழைத்து வந்த ஆள் என்று மட்டும் சொன்னாள்.

"ஓ, துப்பறியறவங்களா? தாராளமாப் பாருங்க. நாலு மணி வரைக்கும் பாருங்க," என்று கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அப்போது மணி இரண்டு பத்து.

கறாரின் மேசையில் திருப்புளிகள்கூட உயர வரிசையில் நின்றன. மேசை மேல் இரண்டு பெட்டிகள். ஒன்று பழைய அனலாக் ஸ்கோப், சாம்பல் நிறம், ஆளை அடிக்கிற கனம். வட்டக் கண்ணாடிக்கு முன்னால் அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்த ஒரு கூண்டு, வெளிச்சம் படாமல் இருக்க. மற்றது டிஜிட்டல், கலர் திரை, மெலிந்த உடம்பு, விரல் தொட்டால் மெனு.

"இது என்ன, ஈசிஜி மெஷினா?" என்றாள் அண்ணி.

"அதே ஜாதிதான் அண்ணி. அது நெஞ்சுக்கு, இது போர்டுக்கு."

கறார் ஒரே போர்டில் இரண்டு ஸ்கோப்பின் ப்ரோப் ஒயர்களையும் மாட்டினாள். டிகிரி கூண்டுக்குள் தலையை விட்டாள். இருட்டில் பச்சைக் கோடு. வேலிக் குச்சிகளை நட்டு வைத்தது போல வரிசையாகத் துடிப்புகள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, இரண்டு குச்சிகளுக்கு நடுவே ஒரு முடி முளைத்தது தெரிந்தது. மங்கலாக, மெல்லியதாக. வந்த வேகத்தில் போய்விட்டது.

தலையை வெளியே எடுத்துப் புதியதைப் பார்த்தாள். வேலிக் குச்சிகள் சலவை செய்து மடித்து வைத்தது போல் இருந்தன. முடி இல்லை.

"அந்தத் திரை மூலையில ஏதோ பொடி எழுத்து இருக்கே, என்னது?" என்று அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"அதெல்லாம் செட்டிங்ஸ் அண்ணி. ஒவ்வொண்ணாப் படிச்சிட்டிருந்தா லாரி போயே போயிடும்."

டிகிரியின் முதல் சந்தேகம் பழைய டப்பாவின் மேல் விழுந்தது. வயசான பெட்டி, முடி அதன் உடம்பிலிருந்தே வருகிறதோ என்னவோ. ப்ரோப்பைப் போர்டிலிருந்து கழற்றி, நன்றாக இருக்கும் என்று தெரிந்த வேறு போர்டில் மாட்டினாள். பத்து நிமிடம் பார்த்தாள். ஒரு முடிகூட இல்லை. முதல் போர்டுக்குத் திரும்பினாள். முடி வந்தது. அதனால் டப்பா நிரபராதி.

"முதல் குற்றவாளி விடுதலை," என்றாள் அண்ணி. "வழக்கம்போல."

டிகிரி இரண்டு ப்ரோப்களையும் கழற்றி, நுனிகளை ஒரே நேரத்தில் விரலால் தொட்டாள். கல்லூரியில் எல்லோரும் விளையாட்டுக்குச் செய்வது. உடம்பே ஆன்டெனா ஆகிவிடும், சுற்றியுள்ள மின்சாரத்தின் ரீங்காரம் திரையில் அலையாகத் தெரியும். பழைய டப்பாவில் தொட்ட கணமே கோடு துள்ளியது. விரலை எடுத்த கணமே படுத்தது. புதியதில் அப்படி இல்லை. தொட்டு, நின்று, 'கூப்பிட்டீங்களா' என்று கேட்கிற மாதிரி மெதுவாக அலை எழும்பியது. விரலை எடுத்த பிறகும் மெதுவாகத்தான் கரைந்தது.

டிகிரிக்கு உடம்பெல்லாம் பட்டம் பொங்கியது.

"பாத்தீங்களா? இதான் விஷயம். அனலாக்ல நடுவுல ஆளே கிடையாது. உள்ள வர்ற மின்சாரமே அந்த ஒளிப்புள்ளியைப் பிடிச்சு மேலயும் கீழயும் இழுக்குது. டிஜிட்டல் அப்படி இல்ல. அளக்கணும், எண்ணா மாத்தணும், ஞாபகத்துல வைக்கணும், அப்புறம் படம் வரையணும். வரையற நேரத்துல கண்ணை மூடிக்கும். அந்தச் சமயத்துல வர்றது எதுவும் அதுக்குத் தெரியாது. டிஜிட்டல்னாலே மந்தம். கேஸ் முடிஞ்சுது."

கறார் மரியாதையாகத் தலையாட்டினாள். அண்ணி பக்கத்து மேசைக்குப் போய்விட்டிருந்தாள்.

"இங்கயும் ஒண்ணு இருக்கே. இதுவும் அதே கம்பெனி, அதே மாடல்." அங்கே வேலை செய்தவரிடம் கண்ணாலேயே அனுமதி கேட்டு ப்ரோப் நுனியைத் தொட்டாள். அலை சட்டென்று துள்ளியது. எடுத்தாள், படுத்தது. "இது மந்தம் இல்லையே நாத்தனாரே. இதுக்கு டிகிரி கிடையாதோ?"

கேஸ் மறுபடி திறந்தது. மணி மூன்றாகப் பத்து நிமிடம்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இரண்டு பெட்டிகள். ஒன்று சுறுசுறுப்பு, ஒன்று தூங்குமூஞ்சி. டிகிரி இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே ஒரு வித்தியாசம்தான் இருந்தது. கறாரின் பெட்டியில், மூலையில், அண்ணி கேட்டபோது படிக்காமல் விட்ட பொடி எழுத்து. சராசரி, 128.

நான்கு வருடம் படித்த படிப்பு மெதுவாக எழும்பி வந்தது, அந்தத் திரையில் அலை எழும்பிய அதே வேகத்தில்.

"அது என்னன்னு சொல்லேன்," என்றாள் கறார்.

"ஒரு தடவை பார்த்ததைக் காட்டாது. நூத்தி இருபத்தெட்டு தடவை பார்த்து, எல்லாத்தையும் கூட்டி வகுத்து, அந்தச் சராசரியைத்தான் காட்டும். அதனாலதான் இழுத்துக்கிட்டு வருது."

"அட, இது எங்க ஸ்டுடியோ வேலை," என்றாள் அண்ணி. "பகல்ல கட்டடத்தைப் படம் எடுக்கணும், முன்னாடி ஜனங்க குறுக்க மறுக்கப் போறாங்கன்னு வை. லென்சுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வெச்சிடுவோம். கட்டடம் அசையாம நிக்குது, அழுத்தமா விழும். நடக்கறவன் ஒரு இடத்துல நிக்கறதே இல்ல, அவன் படத்துல விழவே மாட்டான். தெருவுல ஐநூறு பேர் போயிருப்பான், படத்துல ஈ காக்கா இருக்காது."

கறார் எழுந்தேவிட்டாள். "அப்ப என்னோட முடி?"

"நடந்து போனவன்," என்றாள் டிகிரி.

சராசரியை நிறுத்தினாள். மூன்று பேரும் ஒரு நிமிடம் வைத்து எண்ணினார்கள். கூண்டுக்குள் தலை விட்டிருந்த கறார் ஒன்பது முடி எண்ணினாள். டிஜிட்டலைப் பார்த்த அண்ணி இரண்டு எண்ணினாள், மூன்றாவது தன் சந்தேகம் என்றாள். புதியது படம் வரையக் கண் மூடும் என்ற டிகிரியின் பிரசங்கத்தில் அந்தப் பகுதியாவது தேறியது. நிமிடத்துக்கு ஒன்பது சொட்டு அதிகமாக இறக்கப்போகிற முன்னூறு போர்டுகள் வாசலில் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன.

"யாரோ வேணும்னே சராசரியைப் போட்டு மறைச்சிருக்காங்க," என்றாள் டிகிரி. "யாருக்கு லாபமோ அவங்க."

அவள் கண்ணாடி அறையைப் பார்த்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்தாள்.

"ஒரு தடவை யோசி. போன கேஸ்ல பக்கத்து வீட்டுக்காரரைத் திருடன்னே, பொருள் ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்துச்சு."

டிகிரி யோசிக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் கோபத்துக்குச் சராசரி போடும் வசதி கிடையாது.

*

கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். நின்றபடியே பேசினாள். ஒரு பெண்ணின் பிழைப்பு, நோயாளிகளின் உயிர், திரையை மழுப்பிய கை என்று வரிசையாகச் சொல்லி, "அந்தக் கை உங்களோடதுதான் சார்" என்று முடித்தாள். நன்றாகத்தான் பேசினாள். பின்னாலேயே வந்த கறாரும் அண்ணியும் கதவோரம் நின்று கேட்டார்கள்.

மேனேஜர் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு நீலக் கோப்பை எடுத்தார்.

"நான் எதையும் மாத்தலம்மா. எனக்கு அந்த மெனுவுக்குள்ள போகவே தெரியாது. விதிமுறைத் தாள் இருக்கு. முதல் படி, மெஷின்ல சேமிச்சு வெச்ச ஒண்ணாம் நம்பர் செட்டப்பைக் கூப்பிடணும். கூப்பிட்டா அந்தச் சராசரி தானா வரும். இவங்க ரெண்டரை வருஷமா அதைத்தான் அழுத்தறாங்க. இந்த விதிமுறைப்படி பார்த்தா போர்டு பாஸ். இவங்க விதிமுறையில இல்லாத பழைய டப்பாவை வெச்சுப் பார்த்து லாட்டை நிறுத்தினாங்க. குற்றம் அதான்."

"விதிமுறையே தப்புன்னா?"

"அதைச் சொல்ல நான் யாரு? நான் பேக்கிங்ல பெட்டி ஒட்டி மேல வந்தவன். எழுதினவங்க இன்ஜினியர். படிச்சவங்க காரணம் இல்லாம நூத்தி இருபத்தெட்டு போடுவாங்களா? என்ன கணக்கோ, என்ன சூத்திரமோ. எழுதினவங்களே வந்து தப்புன்னு எழுதிக் குடுக்கட்டும். இந்த நிமிஷமே லாரியை நிறுத்தறேன். இவங்க மேல புகாரும் நிக்காது."

கோப்பைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். தாளின் அடியில் 'தயாரித்தவர்' என்று அச்சிட்டிருந்தது. அதற்கு மேல் ஒரு கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் மூன்று சுழி சுழித்துத் தாளின் ஓரம் வரை போயிருந்தது. பட்டச் சான்றிதழில் போடுவதற்காகவே ஒரு நோட்டு முழுக்க எழுதிப் பழகிய கையெழுத்து.

டிகிரிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அப்ரண்டிஸாக வந்த நாலாவது மாதம். அறிக்கையில் ஒட்டும் படத்தில் கோடு நடுங்கிக்கொண்டே இருந்தது, பார்க்க அசிங்கமாக. மெனுவில் தேடி சராசரியைக் கண்டுபிடித்தாள். நான்கு வைத்தாள், பதினாறு வைத்தாள். நூற்று இருபத்தெட்டு வைத்ததும் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல் ஆனது. ஒன்றாம் நம்பரில் சேமித்தாள். மொத்தம் ஐந்து நிமிட வேலை. "படம் சுத்தமா இருக்கே" என்று மேனேஜர் சொன்னார். ஆறு மாதத்தில் அவள் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான். யாரோ அதைத் தாளில் எழுதச் சொன்னார்கள், எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாலை அப்பாவுக்குப் போன் செய்து, தொழிற்சாலையே இனிமேல் தன் முறைப்படிதான் நடக்கும் என்றாள்.

ஒரு கணம் அவள் யோசித்தாள். என்ன யோசித்தாள் என்பதைப் பின்னாளில் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார், தேடிக் கண்டுபிடிக்கிறோம், அவகாசம் கொடுங்கள் என்று சொல்லலாமா என்பதுதான் அது. இவருக்குத்தான் முகம் தெரியவில்லையே. பக்கத்தில் கறார் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து.

"அது நான்தான்," என்றாள் டிகிரி.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "அந்த மூலையில உக்காந்திருந்த பொண்ணா?"

"மூலையில உக்கார வெச்சது நீங்க."

"சரி, காரணத்தைச் சொல்லும்மா. எதுக்கு நூத்தி இருபத்தெட்டு?"

"படம் அழகா வரணும்னு."

"வேற?"

"வேற எதுவும் இல்ல சார். அதுக்கு மேல நம்பர் வெச்சா மெஷின் ரொம்ப இழுத்துச்சு. அதனால அங்க நிறுத்திட்டேன்."

 அண்ணி மெதுவாகச் சொன்னாள். "எங்க மாமனார் கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்னைக்கு அரை மணி நேரம் தன் பொண்ணோட இந்த முறையைப் பத்தித்தான் சொன்னார். மாப்பிள்ளை என்ன வேலைன்னு நாங்க கேட்கவே முடியல."

கறார் சிரிக்கவில்லை. டிகிரியை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். "ரெண்டரை வருஷமா உன் அழகான படத்தைப் பார்த்துத்தான் நான் சீல் வெச்சிருக்கேன்."

"தெரியும்."

"தெரியாது. எழுது முதல்ல."

மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். டிகிரி வேகமாக எழுதிக் கொடுத்தாள். கறார் போர்டைப் பார்க்கிற மாதிரியே தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தாள்.

"'சராசரி முறை பயன்படுத்தப்பட நேர்ந்தது.' யாரு பயன்படுத்தினது?"

"நான்தான்."

"அப்ப அதை எழுது."

இரண்டாவது தாள். அண்ணி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "'அனுபவக் குறைவினால் பிழை ஏற்பட்டிருக்கக்கூடும்.' இதுலயும் நூத்தி இருபத்தெட்டு போட்டிருக்கியேம்மா."

கறார் அதையும் திருப்பிக் கொடுத்தாள். "ஏற்பட்டிருக்கக்கூடுமா, ஏற்பட்டுச்சா?"

மூன்றாவது தாளில் ஐந்து வரிதான் இருந்தது. அந்த அளவை நான் வைத்தேன். படம் அழகாக வர வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்த முறையில் பார்த்தால் எப்போதாவது வரும் துடிப்பு தெரியாது. இந்தச் சோதனையாளர் கண்டது உண்மை. இந்த முறையில் தேறிய போர்டு எதையும் நம்ப வேண்டாம். கீழே கையெழுத்துப் போட்டாள். அவசரத்தில் சுழி ஒன்றுதான் வந்தது.

கறார் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். மேனேஜர் முன்னால் வைத்தாள். அவர் வாசலுக்குப் போன் செய்து, லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கச் சொன்னார். கறார் மேல் எழுதியிருந்த புகார்க் கடிதத்தை எடுத்து, குறுக்கே 'ரத்து' என்று எழுதித் தேதி போட்டார். பேக்கிங்கிலிருந்து வந்தவர், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. மணி நாலாக ஏழு நிமிடம்.

"கேஸ் முடிஞ்சுது," என்றாள் அண்ணி. "குற்றவாளி தானே நடந்து வந்து கேஸை எடுத்து நடத்தினது நம்ம அலுவலகத்துல மட்டும்தான்."

"மன்னிச்சிடுங்க," என்றாள் டிகிரி கறாரிடம்.

"மன்னிப்பைப் பத்தி அப்புறம் பேசலாம்." கறார் அலமாரியிலிருந்து தடிமனான ஒரு பதிவேட்டை எடுத்து மேசையில் போட்டாள். "மூணு வருஷத்துல எழுபத்திரண்டு லாட் போயிருக்கு. எல்லாத்துலயும் கோளாறுன்னு நான் சொல்லல. இல்லேன்னும் இனிமே சொல்ல முடியாது. அந்த போர்டு பொருத்தின பம்ப் எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னு இதுல இருக்கு. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி, அந்தப் பம்பை ஓரமா வைங்கன்னு சொல்லணும்."

மேனேஜர் போனைப் பார்த்தார், எடுக்கவில்லை. கறாரும் எடுக்கவில்லை. அவள் வேலை அவளுக்குத் திரும்பக் கிடைத்து இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. கெட்ட செய்தியோடு அதைத் தொடங்க வேண்டும் என்று அவளைக் கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

டிகிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்து எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே ஒரு நர்ஸ் எடுத்தாள். பின்னால் யாரோ குழந்தையைச் சமாதானப்படுத்தும் சத்தம் கேட்டது.

"யார் பேசறீங்க?"

இத்தனை நாளாக எல்லோரிடமும் துப்பறியும் அலுவலகம் என்று சொல்லி வந்த வாய்தான். இந்த முறை அது வரவில்லை.

"உங்க பம்புக்கான டெஸ்ட்டைத் தப்பா எழுதினவ பேசறேன்," என்றாள்.